செயற்கைக்கோள் உரிம விண்ணப்பங்களை இணையத்துக்கு மாற்றுகிறோம்: எதை முதலில் முடிவு செய்வது?

கேள்வி: கோப்புப்பெட்டி

வணக்கம். ஓர் ஒழுங்குமுறை ஆணையத்தின் செயற்கைக்கோள் உரிமப் பிரிவில் பொறியாளராக இருக்கிறேன். எங்களுக்கு விண்ணப்பங்கள் இன்றுவரை காகிதத்தில்தான் வருகின்றன. மேலே ஒரு முகப்புக் கடிதம், உள்ளே படிவம், அதற்குப் பின்னால் ஆண்டெனா வரைபடங்களும், சமிக்ஞை போதிய வலிமையோடு போய்ச் சேருமா என்று பார்க்கும் லிங்க் பட்ஜெட் கணக்குகளும். அதே கோப்பை ஸ்கேன் செய்து மின்னஞ்சலிலும் அனுப்பிவிடுவார்கள். வரவேற்பில் தேதி முத்திரை விழுந்து என் மேசைக்கு வரும். நான் அதிலிருக்கும் எண்களைப் பார்த்து ஒரு எக்செல் தாளில் தட்டுவேன். குறுக்கீடு கணக்கிடும் சக ஊழியர் அதையே தன் மென்பொருளில் இன்னொரு முறை தட்டுவார். ஐ.டி.யூ.வுக்கு (சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம்) அனுப்பும் கட்டம் வந்தால் மூன்றாவது முறை.

இனி எல்லாம் இணையத்தில்தான் என்று மேலிடத்தில் முடிவாகிவிட்டது. மென்பொருள் குழு வந்து, "உங்கள் படிவத்தைக் கொடுங்கள், அப்படியே திரையில் கொண்டுவந்துவிடுகிறோம், தொழில்நுட்ப விவரங்களை பிடிஎஃப்பாகப் பதிவேற்றிக்கொள்ளட்டும்" என்கிறார்கள். வேலை சீக்கிரம் முடியும் என்பதால் எங்கள் பிரிவிலும் பலருக்கு இதில் சம்மதம். எனக்குத்தான் மனம் ஒப்பவில்லை. ஆனால் ஏன் ஒப்பவில்லை என்று கூட்டத்தில் தெளிவாகச் சொல்லத் தெரியவில்லை.

இன்னொன்று, விண்ணப்பம் "வந்து சேர்ந்த நேரம்" எது? சமர்ப்பிக்கும் பொத்தானை அழுத்திய நேரமா, கட்டணம் வந்த நேரமா, நாங்கள் பார்த்துச் சரி என்று சொன்ன நேரமா? ஏற்கெனவே உரிமம் பெற்றவர்களின் பழைய கோப்புகளையும் உள்ளே கொண்டுவர வேண்டுமா?

இந்த மாற்றத்தைக் கடந்து வந்தவர்கள், மேசையின் எந்தப் பக்கம் இருந்தாலும், சொல்லுங்கள்.

பதில் 1: தரைநிலையம்

நான் விண்ணப்பிக்கும் பக்கம். பெரும்பாலும் தரைநிலையங்கள், நிறைய சிறிய டிஷ்கள். நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்கிறேன்: கணக்கை நிறுவனத்தின் பெயரில் திறக்க வையுங்கள், அதற்குக் கீழே ஆட்களைச் சேர்க்கட்டும். ஒரு நாட்டு அமைப்பில் எங்கள் கணக்கு ஓர் ஊழியரின் தனி மின்னஞ்சலோடு கட்டப்பட்டிருந்தது. அவர் வேலையை விட்டுப் போனதும் எங்கள் உரிமங்களையே எங்களால் திறந்து பார்க்க முடியவில்லை. புதுப்பிக்க வேண்டிய நேரத்தில் அந்த மனிதரைத் தேடிப் பிடித்துக் கடவுச்சொல் கேட்டோம்.

அப்புறம், வரைவாகச் சேமிக்கும் வசதி. ஒரே உட்காரலில் யாரும் இந்தப் படிவத்தை முடிக்க மாட்டார்கள். ஒரே மாதிரி ஆண்டெனா, ஒரே மாதிரி அலைவரிசை, இடம் மட்டும் வேறு என்றால் முந்தைய விண்ணப்பத்தை நகலெடுத்து இடத்தை மட்டும் மாற்ற விடுங்கள்.

பதில் 2: சுற்றுப்பாதை

கோப்புப்பெட்டி, உங்கள் தயக்கம் மிகச் சரி. கூட்டத்தில் சொல்ல உங்களுக்கு வார்த்தை கிடைக்க வேண்டும் என்பதற்காகவே நீளமாக எழுதுகிறேன். நான் வேலை செய்த காலமெல்லாம் செயற்கைக்கோள் நிறுவனங்களுக்காக ஃபைலிங் (அலைவரிசையும் சுற்றுப்பாதையும் கேட்டுத் தாக்கல் செய்யும் ஆவணம்) தயாரித்தவள். பல நாட்டு ஆணையங்களுக்கும், அவற்றின் வழியாக ஜெனீவாவில் உள்ள ஐ.டி.யூ.வுக்கும்.

படிவத்தை அப்படியே திரைக்குக் கொண்டுவந்து தொழில்நுட்பத்தை பிடிஎஃப்பாக வாங்கினால், உங்கள் மூன்று முறை தட்டச்சு அப்படியே இருக்கும். ஸ்கேன் செய்த கோப்பு மின்னஞ்சலுக்குப் பதில் வேறொரு வாசல் வழியாக வரும், அவ்வளவுதான். எண் எண்ணாகவே உள்ளே வர வேண்டும். விண்ணப்பதாரர் ஒருமுறை தட்டியதை அதற்குப் பிறகு யாரும் கையால் தொடக் கூடாது. இந்த ஒன்றை விட்டுக்கொடுக்காதீர்கள்.

ஏன் என்பதற்கு ஓர் உதாரணம். எமிஷன் டெசிக்னேட்டர் என்று, ஓர் அலைபரப்பின் தன்மையைச் சுருக்கிச் சொல்லும் ஒரு குறியீடு இருக்கிறது, உங்களுக்குத் தெரிந்ததுதான். முதல் நான்கு எழுத்துகளில் அலையகலம், அதன் பின் பண்பேற்றம், சமிக்ஞை, தகவலின் வகை. 36 மெகாஹெர்ட்ஸ் டிரான்ஸ்பாண்டர் (செயற்கைக்கோளில் சமிக்ஞையை வாங்கித் திருப்பி அனுப்பும் கருவி) என்றால் "36எம்0" என்று தொடங்கும். யாரோ ஒருவர் எம்-க்குப் பதில் கே தட்டிவிட்டால் அது 36 கிலோஹெர்ட்ஸ் ஆகிவிடும். காகிதத்தில் கண் அதைத் தாண்டிப் போய்விடும். இப்போது கணக்கைப் பாருங்கள். திறன் 10 டெசிபல்வாட் என்றால், 36 மெகாஹெர்ட்ஸில் சமமாகப் பரவினால் ஒரு ஹெர்ட்ஸுக்கு சுமார் −65.6 டெசிபல்வாட். 36 கிலோஹெர்ட்ஸ் என்றால் −35.6. ஒரே எழுத்தில் 30 டெசிபல் வித்தியாசம், அதாவது ஆயிரம் மடங்கு. குறுக்கீடு கணக்கே தலைகீழாகிவிடும். பக்கத்துச் சுற்றுப்பாதைக்காரர் ஆட்சேபம் எழுதுவார். கடிதப் போக்குவரத்து மாதக்கணக்கில் ஓடும். திறன், அலையகலம், திறன் அடர்த்தி மூன்றும் தனித்தனிப் புலங்களாக இருந்தால், இவை ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்று சமர்ப்பிப்பதற்கு முன்பே திரை சொல்லிவிடும். பிடிஎஃப் ஒருநாளும் சொல்லாது.

இப்படி நிறைய இருக்கின்றன. தீர்க்கரேகையில் கிழக்கு நேர்மறை, மேற்கு எதிர்மறை. குறி தவறினால் செயற்கைக்கோள் வேறொரு கண்டத்தின் தலைக்கு மேல் போய் நிற்கும். சுற்றுப்பாதையின் தாழ்புள்ளி உயர்புள்ளியைவிட அதிகமாக இருக்க முடியாது. பூமியிலிருந்து பார்த்தால் ஒரே இடத்தில் நிற்பதாகத் தெரியும் புவிநிலைச் சுற்றுப்பாதை என்று குறித்துவிட்டு உயரத்தை 35,786 கிலோமீட்டருக்குச் சம்பந்தமில்லாமல் எழுதினால் அங்கேயே நிறுத்த வேண்டும். 550 கிலோமீட்டர் உயரம் என்று சொல்பவர் சுற்றும் நேரத்தை 120 நிமிடம் என்று எழுதியிருந்தால் இரண்டில் ஒன்று தப்பு, ஏனென்றால் அந்த உயரத்தில் ஒரு சுற்றுக்கு 96 நிமிடம்கூட ஆகாது.

இன்னும் ஒரு படி மேலே போகலாம். ஐ.டி.யூ.வின் ரேடியோ ஒழுங்குவிதிகளில் 21-ஆம் விதி தரையில் விழும் திறன் அடர்த்திக்கு வரம்பு வைத்திருக்கிறது. 3,400 முதல் 4,200 மெகாஹெர்ட்ஸ் வரையான பட்டையில், புவிநிலைச் செயற்கைக்கோள்களுக்கு, அடிவானத்திலிருந்து 5 டிகிரி வரை ஒரு சதுர மீட்டருக்கு −152 டெசிபல்வாட், 4 கிலோஹெர்ட்ஸ் அகலத்தில். 25 டிகிரிக்கு மேல் −142. இடையில் டிகிரிக்கு அரை டெசிபலாக ஏறும். இதைச் சரிபார்க்க மனிதர் தேவையில்லை. உங்கள் பொறியாளர்களின் நேரத்தை உண்மையான முடிவுகளுக்கு விடுங்கள்: இந்த இரண்டு வலையமைப்பும் ஒரே வானத்தில் சேர்ந்து இருக்க முடியுமா, முடியாதா என்று.

சரி, புலங்களை எங்கிருந்து எடுப்பது? உங்கள் பழைய படிவத்திலிருந்து எடுக்காதீர்கள். ரேடியோ ஒழுங்குவிதிகளின் 4-ஆம் பிற்சேர்க்கையில் ஒரு செயற்கைக்கோள் வலையமைப்புக்கு என்னென்ன விவரம் வேண்டும் என்று வரிவரியாக, ஒவ்வொன்றுக்கும் ஓர் அடையாளத்தோடு இருக்கிறது. அதையே அடித்தளமாக வையுங்கள். ஏனென்றால் எந்த நிறுவனமும் ஐ.டி.யூ.வுக்கு நேரடியாக விண்ணப்பிக்க முடியாது. உங்களைப் போன்ற அரசு நிர்வாகத்தின் வழியாகத்தான் போக வேண்டும். அங்கே போகும் கோப்பு ஐ.டி.யூ. இலவசமாகத் தரும் ஸ்பேஸ்கேப் மென்பொருளில் தயாராகும் தரவுத்தளக் கோப்பு. 2018 முதல் அதை அவர்களுடைய இணையதளம் வழியாகத்தான் சமர்ப்பிக்க வேண்டும். விண்ணப்பதாரர்கள் பலர் அந்தக் கோப்பை எப்படியும் செய்தாக வேண்டும். உங்கள் தளம் அதை நேரடியாக உள்வாங்கிப் புலங்களை நிரப்பிக்கொள்ள வேண்டும். திருத்தங்கள் முடிந்ததும் அதே வடிவில் வெளியே தர வேண்டும். பீம் (செயற்கைக்கோளின் அலை தரையில் விழும் பரப்பு) வரைபடங்களுக்கும் அப்படித்தான். ஜிஎக்ஸ்டி என்ற கோப்பு வடிவத்தில் கெயின் கோடுகள், அதாவது ஆண்டெனாவின் வலிமை எங்கே எவ்வளவு என்று காட்டும் கோடுகள், புள்ளிபுள்ளியாக இருக்கும். படமாக ஒட்டினால் அதை வைத்து எதையும் கணக்கிட முடியாது.

அமெரிக்காவின் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி. இந்தப் பாதையில் முன்னமே போனது. அங்கே 312 என்ற முதன்மைப் படிவம் நிறுவனம், உரிமையாளர், சட்ட விவரங்களுக்கு. செயற்கைக்கோளின் எண்களுக்கு ஷெட்யூல் எஸ் என்று தனியாக ஒன்று. அது முதலில் இறக்கிக்கொண்டு கணினியில் நிரப்பும் மென்பொருளாக இருந்து, பிறகு இணையப் படிவமானது. அதற்குமேல் கதை சொல்ல வேண்டிய விஷயங்களுக்கு எழுத்து இணைப்பு. எண்ணுக்கு ஓர் இடம், விளக்கத்துக்கு ஓர் இடம் என்ற அந்தப் பிரிவு எனக்கு மிகவும் பிடிக்கும்.

அவர்களுடைய கோப்பு எண்ணையும் பாருங்கள். ஸ்டார்லிங்க் முதல் விண்ணப்பத்தின் எண் எஸ்ஏடி-எல்ஓஏ-20161115-00118. எஸ்ஏடி என்றால் செயற்கைக்கோள், எல்ஓஏ என்றால் ஏவி இயக்க அனுமதி, 2016 நவம்பர் 15-இல் தாக்கல், அதன் பின் வரிசை எண். எண்ணைப் பார்த்தாலே என்ன, எப்போது என்று தெரிந்துவிடுகிறது. வருடங்கள் கழித்துத் தேடும்போது இதன் அருமை புரியும்.

கோப்புப்பெட்டி:

மிகவும் நன்றி அம்மா. 30 டெசிபல் கணக்கை நாளைக்கே கூட்டத்தில் பலகையில் எழுதிக் காட்டப் போகிறேன். வந்து சேர்ந்த நேரத்தைப் பற்றியும் சொல்ல முடியுமா? எங்கள் சட்டப் பிரிவு, "அது சர்வர் பதிவில் இருக்கும், பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்கிறது.

சுற்றுப்பாதை:

பிறகு பார்க்கக் கூடாத ஒரே விஷயம் அதுதான். இந்தத் துறையில் தேதிதான் சொத்து. ஐ.டி.யூ.வில் யாருடைய ஃபைலிங் முந்தி வந்ததோ, பின்னால் வருபவர் அவரோடு ஒருங்கிணைப்புப் பேச வேண்டும். வந்த தேதியிலிருந்து ஏழு ஆண்டுக்குள் அலைவரிசையைப் பயன்பாட்டுக்குக் கொண்டுவராவிட்டால் உரிமை போய்விடும். முன்னுரிமையும் கெடுவும் இரண்டுமே அந்த ஒரு தேதியில்தான் தொங்குகின்றன. எஃப்.சி.சி. 2003-இல் புவிநிலைச் செயற்கைக்கோள்களுக்கு முந்தி வருபவருக்கு முந்தி என்ற வரிசை முறையைக் கொண்டுவந்தபோது, இரண்டு விண்ணப்பங்கள் ஒரே மில்லிசெகண்டில் வந்தால் மட்டுமே சமமாகக் கருதப்படும் என்ற அளவுக்கு விதியில் எழுதினார்கள். காகித முத்திரையில் ஒரே நாளில் வந்த இருவரும் சமம். இணையத்தில் சமம் என்பதே கிட்டத்தட்ட இல்லாமல் போகிறது. இது மென்பொருள் குழு தீர்மானிக்கக் கூடிய விஷயமா? விதியில் இருக்க வேண்டியது.

என் கருத்து இது. சமர்ப்பிப்பு முழுமையாக உங்கள் சர்வரில் சேர்ந்த கணமே வந்த நேரம். உலக நேரத்தில் பதிவாகட்டும். அந்த நொடியே விண்ணப்பதாரருக்கு ரசீது போகட்டும், அதில் நேரமும், பதிவேறிய ஒவ்வொரு கோப்பின் பெயரும் அளவும் இருக்கட்டும். கட்டணத்தை இதோடு கட்டாதீர்கள். வங்கிப் பணம் எல்லை தாண்டி வருவதற்கு ஆகும் நேரம் விண்ணப்பதாரர் கையில் இல்லை. கட்டணத்துக்குத் தனிக் கெடு வையுங்கள். அதைத் தாண்டினால் தேதி போகும் என்று சொல்லிவிடுங்கள்.

குறை இருந்தால்? ஐ.டி.யூ. செய்வது எனக்கு நியாயமாகப் படுகிறது. விளக்கம் கேட்டு எழுதுவார்கள். 30 நாளுக்குள் பதில் வந்தால் பழைய தேதி நிற்கும், தாண்டினால் புதுத் தேதி. உங்கள் தளத்தின் தானியங்கிச் சரிபார்ப்பு நன்றாக இருந்தால் இந்தக் கடிதங்களே பெருமளவு குறையும்.

கெடு நாளன்று தளம் விழுந்துவிட்டால் என்ன என்பதையும் இப்போதே எழுதுங்கள். நான் ஒருமுறை ஓர் ஆணையத்தின் தளத்தில் கடைசி நாள் மாலை பதிவேற்றம் பாதியில் நின்று உட்கார்ந்திருக்கிறேன். தொலைபேசியில் யாரும் எடுக்கவில்லை. மாற்று வழி என்று எதுவும் அறிவிக்கப்படவில்லை. மின்னஞ்சலில் அனுப்பி வைத்தோம். அது செல்லுமா செல்லாதா என்று முடிவு சொல்ல அவர்களுக்கே விதி இல்லை. பல வருட உழைப்பு அந்த ஒரு பச்சைப் பட்டை நகராமல் நின்றதில் மாட்டியிருந்தது. தளம் இயங்காத நேரத்துக்குக் கெடு தானாக நீளும், அல்லது இந்த முகவரிக்கு அனுப்பலாம் என்று இரண்டு வரி இருந்திருந்தால் போதும். உங்கள் விண்ணப்பதாரர்களை அந்த நிலையில் விடாதீர்கள், தயவு செய்து.

பதில் 3: தரவுத்தச்சன்

இத்தகைய உரிமத் தளங்களைக் கட்டும் பக்கம் இருப்பவன். சுற்றுப்பாதை சொன்னதில் பெரும்பாலானவற்றை ஏற்கிறேன். ஓர் இடத்தில் மட்டும் எச்சரிக்கை. எல்லாவற்றையும் புலமாக்கும் ஆசை வந்துவிடும். விண்குப்பை தவிர்ப்புத் திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். செயற்கைக்கோள் ஆயுள் முடிந்தபின் எப்படிக் கீழே வரும், எரிபொருள் எவ்வளவு மிச்சம் வைப்பார்கள், மோதல் எச்சரிக்கை வந்தால் யார் முடிவெடுப்பார்கள் என்பதெல்லாம் பத்தியாக எழுத வேண்டியது. அதை ஆம், இல்லை பெட்டிகளாக உடைத்தால் எல்லோரும் ஆம் என்று குறித்துவிட்டுப் போவார்கள். எத்தனை ஆண்டுக்குள் கீழே வரும் என்ற ஒரு எண்ணைப் புலமாக வாங்குங்கள், மற்றது எழுத்தில் வரட்டும்.

சரிபார்ப்பிலும் இரண்டு வகை வேண்டும். சில தவறுகள் சமர்ப்பிப்பையே தடுக்க வேண்டும். சில, எச்சரித்துவிட்டு விட வேண்டும். புதுமாதிரியான சுற்றுப்பாதையோடு ஒருவர் வருவார். உங்கள் விதி அதை எதிர்பார்த்திருக்காது. தளம் அவரை வாசலிலேயே திருப்பி அனுப்பினால் அவர் தேதியை இழப்பார். காரணம் எழுதிவிட்டு மேலே போக வழி வையுங்கள்.

பழைய கோப்புகள் பற்றி: கட்டாயம் உள்ளே வர வேண்டும். நடப்பு உரிமங்கள் தளத்தில் இல்லாவிட்டால், உரிமத்தில் மாற்றம் கேட்டு வரும் முதல் விண்ணப்பமே எதன் மேல் மாற்றம் என்று தெரியாமல் தொங்கும்.

சுற்றுப்பாதை:

தரவுத்தச்சன் சொன்ன எச்சரிக்கை வகையை முழுமனதாக ஏற்கிறேன். பழைய கோப்புகளில் ஒன்றைச் சேர்க்கிறேன். உள்ளே ஏற்றும்போது பழைய முத்திரைத் தேதியை வந்த தேதியாக வையுங்கள், ஏற்றிய தேதியை வேறு புலத்தில். இரண்டும் கலந்தால் நிலைபெற்ற உரிமையாளரின் முன்னுரிமை திரையில் மாறித் தெரியும். ஏற்றிய பதிவை அந்தந்த உரிமதாரருக்கு அனுப்பிச் சரிபார்த்துத் தரச் சொல்லுங்கள். அவர்களைவிட அக்கறையாகப் பார்ப்பவர் யாரும் கிடைக்க மாட்டார்கள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் செய்ய வேண்டாம், விண்ணில் இப்போது இயங்குபவை முதலில்.

வேறொரு கவலையும் எனக்குண்டு. தாக்கல் செய்வது சுலபமானால் கட்டப்போகாத செயற்கைக்கோள்களுக்கும் இடம் பிடிப்பது சுலபமாகும். இது இணையத்துக்கு முந்தைய நோய்தான். 1980-களின் கடைசியில் டோங்கா என்ற குட்டி நாடு 16 புவிநிலை இடங்களுக்கு ஐ.டி.யூ.வில் விண்ணப்பித்தது. 2021-இல் ருவாண்டா வழியாக மூன்று லட்சத்துக்கும் அதிகமான செயற்கைக்கோள்களுக்கு ஃபைலிங் போனது. இதைத் தடுக்கப் படிவத்தைக் கடினமாக்குவது தவறான வழி. கடினமான படிவம் பல்கலைக்கழக மாணவர்களின் சிறு செயற்கைக்கோளைத்தான் முதலில் விழுத்தும், காகிதத்தில் மட்டும் செயற்கைக்கோள் வைத்திருப்பவருக்கு வழக்கறிஞர்கள் இருப்பார்கள். கெடுக்களில் கண்டிப்பாக இருங்கள். செயற்கைக்கோள்களின் பெருங்கூட்டங்களுக்கு ஐ.டி.யூ.வின் 2019 மாநாடு அப்படித்தான் செய்தது: ஏழு ஆண்டு முடிந்த பின், இரண்டு ஆண்டில் 10 சதவீதம், ஐந்தில் 50, ஏழில் முழுவதும் விண்ணில் இருக்க வேண்டும். உங்கள் தளம் உரிமம் கொடுத்ததோடு கோப்பை மூடாமல், இந்த மைல்கல் தேதிகளைத் தானே எண்ணி இரு தரப்புக்கும் முன்கூட்டியே நினைவூட்டட்டும்.

கடைசியாக, தாக்கலான விண்ணப்பத்தைப் பொதுமக்கள் பார்க்கும் பக்கத்தை முதல் நாளிலிருந்தே திறந்து வையுங்கள். வணிக ரகசியத்துக்குத் தனிப் பதிவேற்றம், எது ரகசியம் என்பதற்குக் காரணத்தோடு. எண்களில் பெரும்பகுதி ஐ.டி.யூ. இரண்டு வாரத்துக்கொருமுறை வெளியிடும் சுற்றறிக்கையில் எப்படியும் வந்துவிடும், மறைப்பதில் பயனில்லை. பக்கத்துச் சுற்றுப்பாதைக்காரர் நேரத்தோடு பார்த்தால் ஆட்சேபமும் நேரத்தோடு வரும்.

கோப்புப்பெட்டி:

எல்லோருக்கும் நன்றி. கூட்டம் முடிந்தது. 30 டெசிபல் கணக்கைப் பார்த்ததும் குறுக்கீடு பிரிவு முழுக்க என் பக்கம் வந்துவிட்டது. தொழில்நுட்ப விவரம் புலங்களாகவே வரும், 4-ஆம் பிற்சேர்க்கைதான் அடிப்படை என்று குறிப்பில் எழுதிவிட்டார்கள். வந்த நேரம் பற்றிய விதியைச் சட்டப் பிரிவு இப்போது எடுத்திருக்கிறது, தளம் விழும் நாளுக்கான வரியும் சேர்த்து.

ஜிஎக்ஸ்டி கோப்பை உள்வாங்குவதில்தான் மென்பொருள் குழு தடுமாறுகிறது. தரவுத்தச்சன், கெயின் கோடு தேதிரேகையைத் தாண்டும்போது உங்கள் தளத்தில் எப்படிக் கையாண்டீர்கள்? எங்கள் சோதனைத் திரையில் அந்தக் கோடு உலக வரைபடத்தின் குறுக்கே நேராக ஓடுகிறது.

தரவுத்தச்சன்:

எல்லோருக்கும் வரும் சிக்கல். அடுத்தடுத்த இரண்டு புள்ளிகளின் தீர்க்கரேகை வித்தியாசம் 180-ஐத் தாண்டினால் அங்கே கோட்டை வெட்டி இரண்டு துண்டாக வரையச் சொல்லுங்கள். திரையில் மட்டும் வெட்டுங்கள், சேமித்த தரவைத் தொட வேண்டாம். துருவத்தைச் சுற்றும் கோடுகளுக்கு இது போதாது, அவற்றை செயற்கைக்கோளிலிருந்து பார்ப்பது போன்ற வட்ட வரைபடத்தில் காட்டுங்கள்.